ஈரல் விருத்தியில் மூலக்கலங்கள்: முக்கியக் குறிப்புகள்

(கரவெட்டி, நெல்லியடிப் பக்கத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு. மருத்துவ பீடத்து முதலாம் ஆண்டு முளையவியலுக்கும் கைகொடுக்கும்.)

ஈரல் விருத்தியில் மூலக்கலங்களின் பங்கு என்று ஒரு வினா வந்தால் பாதிப்பேர் குருதியாக்கத்தை எழுதிவிட்டு வருவார்கள். மற்றப் பாதிப்பேர் வெட்டிய ஈரல் திரும்ப வளரும் கதையை எழுதுவார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் வினா அதுவல்ல. ஆகவே பாடமாக்கத் தொடங்குமுன் இதைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முளையத்தின் ஈரலுக்குள் இரண்டு வகையினர் இருக்கிறார்கள். ஈரலையே கட்டும் முன்னோடிக் கலங்கள் ஒரு வகை, இவர்கள் வீட்டுக்காரர். வேறிடத்தில் பிறந்து, ஈரலுக்குள் வந்து சில மாதம் இருந்து குருதியை ஆக்கிவிட்டு, பிறகு என்பு மச்சைக்குப் போகும் குருதி மூலக்கலங்கள் மற்ற வகை. இவர்கள் வாடகைக்கு வந்தவர்கள். வளர்ந்தவரின் ஈரல் மீள வளர்வது மூன்றாவது விஷயம். அதில் மூலக்கலத்தின் பங்கு நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு.

வரைவிலக்கணம்

• மூலக்கலத்துக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: தன்னைப் போன்ற கலத்தைத் தொடர்ந்து தருவது, சிறப்புத் தொழிலுள்ள கலமாக வியத்தமடையக்கூடியதாக இருப்பது. ஒன்றை மட்டும் எழுதினால் விடை அரைகுறை.

• நுகம் முழு வல்லமை உடையது. அரும்பர்ச் சிறைப்பையின் உட்கலத் திணிவு பல்வல்லமை உடையது. உடலின் எல்லாக் கலங்களும் அதிலிருந்து வரலாம், சூல்வித்தகத்தின் வெளிப்பகுதி மட்டும் வராது. ஈரலின் முன்னோடிக் கலம், அதாவது ஹெப்பற்றோபிளாஸ்ற், இருவல்லமை உடையது. ஈரற்கலமாகலாம், அல்லது பித்தக்கானின் மேலணிக் கலமாகலாம். மூன்றாவது வழி அதற்கு இல்லை. கடும் வரைவிலக்கணப்படி இதை மூலக்கலம் என்பதைவிட முன்னோடிக் கலம் என்பதே சரி. நூல்கள் இரண்டு பெயரையும் கலந்து பாவிக்கின்றன, குழம்ப வேண்டாம்.

மனித முளையத்தில் கால ஒழுங்கு

• 3ஆம் வாரம்: மூன்று முதலுருப்படைகள் பிரிகின்றன. ஈரற்கலங்கள் வரப்போவது அகமுதலுருப்படையிலிருந்து.

• 4ஆம் வாரத் தொடக்கம்: முன்குடலின் வயிற்றுப்புறச் சுவர் தடித்து, ஈரல் அரும்பாக வெளியே தள்ளுகிறது. அரும்பின் மேற்பகுதி பெரியது, அதுவே ஈரலாகிறது. கீழ்ப்பகுதி சிறியது, அது பித்தப்பையும் அதன் கானும் ஆகிறது.

• அரும்பின் கலங்கள் குறுக்குப் பிரிசுவர் என்ற இடைமுதலுருப்படைத் தகட்டுக்குள் நிரை நிரையாகப் புகுகின்றன. பிரிமென்றகட்டின் மையச் சிரையும் இதே தகட்டிலிருந்துதான் வருகிறது. ஈரலின் மேற்புறத்தில் ஒரு பகுதி வயிற்றறைச் சவ்வால் மூடப்படாமல் நேரே பிரிமென்றகட்டோடு ஒட்டியிருப்பதற்குக் காரணம் இந்தப் பழைய உறவு. கட்டமைப்புக் கட்டுரையில் கேட்க நல்ல இடம்.

• 6ஆம் வாரம்: ஈரல் வளரும் வேகத்தில் வயிற்றறைக்குள் இடம் போதாமல், நடுக்குடல் தொப்புள்கொடிக்குள் இறங்குகிறது. 10ஆம் வாரமளவில் திரும்பி வருகிறது.

• 9ஆம் வாரம்: உடல் நிறையில் ஏறத்தாழ 10 சதவீதம் ஈரல். பிறக்கும்போது 5 சதவீதமளவு. வளர்ந்தவரில் 2 சதவீதத்துக்குக் கிட்ட, சுமார் 1.5 கிலோகிராம். முளையத்தில் ஈரல் இத்தனை பெரிதாக இருப்பதற்குச் சமிபாடு காரணமல்ல. குருதியாக்கமே காரணம்.

• 12ஆம் வாரமளவில் பித்தம் சுரக்கத் தொடங்குகிறது.

எது எங்கிருந்து வந்தது? ஈரற்கலமும் பித்தக்கான் மேலணியும் அகமுதலுருப்படையின் பிள்ளைகள். ஈரலின் தொடுப்பிழையமும், விற்றமின் ஏ சேமிக்கும் நட்சத்திரக் கலங்களும் குறுக்குப் பிரிசுவரின் இடைமுதலுருப்படையிலிருந்து. ஈரலின் தின்குழியங்களான குப்பர் கலங்கள் முதலில் கருவூண் பையிலிருந்தும் பிறகு முளைய ஈரலின் குருதி முன்னோடிகளிலிருந்தும் வருபவை. 'ஈரல் அகமுதலுருப்படையிலிருந்து உருவாகிறது' என்று ஒரு வரியில் முடிப்பவருக்கு இந்த இடத்தில் புள்ளி போகும்.

அயலவர் சொல்லாமல் ஈரல் இல்லை

இதுதான் பாடத்தின் உயிர்நாடி, இதில் நேரம் செலவழியுங்கள். அகமுதலுருப்படைக் கலம் தானாக ஈரலாவதில்லை. பக்கத்தில் இருக்கும் இழையங்கள் அனுப்பும் சமிக்ஞைகளைக் கேட்டுத்தான் அது தன் வழியைத் தெரிவு செய்கிறது.

• முதற்சான்று கோழி முளையத்திலிருந்து வந்தது. பிரான்சின் நிக்கோல் லெ துவாரன் 1960களில் கோழி முளையங்களில் இழையங்களைப் பிரித்தும் இடம்மாற்றி ஒட்டியும் பார்த்தார். இதயமாகப் போகும் இடைமுதலுருப்படையின் தொடர்பு இல்லாவிட்டால் முன்குடல் ஈரலாகவில்லை. கோழியையும் காடையையும் கலந்து கலங்களின் பயணத்தைப் பின்தொடரும் உத்தியைக் கண்டுபிடித்தவரும் இவரே.

• அந்தச் சமிக்ஞை என்ன? அமெரிக்காவின் கெனத் சரெற் குழு 1999இல் சுண்டெலி முளையத்தில் காட்டியது: இதய இழையம் விடும் எஃப்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணி. 2001இல் இரண்டாவது சமிக்ஞையும் தெரிந்தது: குறுக்குப் பிரிசுவர் விடும் பி.எம்.பி. இரண்டும் வேண்டும்.

• அதே ஆண்டு இன்னொரு அழகான முடிவு. முன்குடலின் அதே வயிற்றுப்புறக் கலங்களுக்கு இதயத்தின் சமிக்ஞை எட்டாவிட்டால் அவை சதையியாகப் போகின்றன. ஆக, ஈரலும் சதையியின் வயிற்றுப்புற அரும்பும் ஒரே கலக்கூட்டத்திலிருந்து பிரிபவை; பிரித்து வைப்பது இதயத்திலிருந்து உள்ள தூரம். எனக்கு முளையவியலில் பிடித்த உண்மைகளில் இது ஒன்று. இன்சுலினா, அல்புமினா என்ற தீர்மானம் ஒரு கலம் எங்கே நிற்கிறது என்பதில் தங்கியிருக்கிறது!

• குருதிக் கலன்களின் அகவணிக் கலங்களும் அயலவரே. அகவணிக் கலங்கள் உருவாகாத சுண்டெலி முளையத்தில் ஈரல் அரும்பு தொடங்குகிறது, வளரவில்லை. கவனிக்க: அந்தக் கட்டத்தில் குருதி ஓட்டமே இன்னும் தொடங்கவில்லை. எனவே அகவணி தருவது ஒட்சிசனோ உணவோ அல்ல, சமிக்ஞை. காரணம் கேட்கும் வினாவில் 'குருதி கிடைக்காததால்' என்று எழுதினால் பிழை.

சமிக்ஞை வந்தாலும் அதைக் கேட்கக் கலம் ஆயத்தமாக இருக்கவேண்டும். அந்த ஆயத்தத்தைச் செய்வது ஃபொக்ஸ்ஏ என்ற புரதங்கள். சுருண்டு இறுகிய நிறமூர்த்த இழைக்குள் முதலில் போய் அமர்ந்து, ஈரலுக்குரிய பரம்பரையலகுகளைத் திறக்கும் நிலைக்குக் கொண்டுவருவதால் இவற்றை முன்னோடிக் காரணிகள் என்பார்கள். முன்குடலில் ஃபொக்ஸ்ஏ1, ஃபொக்ஸ்ஏ2 இரண்டையும் நீக்கிய சுண்டெலிகளில் ஈரல் அரும்பே தோன்றவில்லை (2005). பிறகு ஹெக்ஸ் என்ற புரதம் அரும்பைத் தடிப்பாக்குகிறது. புரொக்ஸ்1 என்ற புரதம் கலங்களை அரும்பிலிருந்து வெளியேறிக் குறுக்குப் பிரிசுவருக்குள் புக விடுகிறது. புரொக்ஸ்1 இல்லாத முளையத்தில் கலங்கள் அரும்புக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தன. இந்தப் பெயர்கள் உயர்தரத்துக்குத் தேவையில்லை, மருத்துவ பீடத்துக்குத் தேவை.

ஈரற்கலமா, பித்தக்கானா?

• முன்னோடிக் கலம் வாயி நாளத்துக்கு அருகில் இருந்தால் பித்தக்கான் வழி. தள்ளி இருந்தால் ஈரற்கலம். இங்கேயும் இடம்தான் தீர்மானிக்கிறது.

• வாயி நாளத்தைச் சூழ உள்ள இழையம் நொச் சமிக்ஞையையும் ரி.ஜி.எஃப். பீற்றாவையும் தருகிறது. 8ஆம் வாரமளவில் நாளத்தைச் சுற்றி இரட்டைப் படையாக ஒரு கலத் தகடு அமைகிறது; அதுவே கான் தகடு. அதில் சில இடங்களில் மட்டும் குழாய் உருவாகி, மற்றப் பகுதி ஒதுங்குகிறது. தகடு அப்படியே ஒதுங்காமல் நின்றுவிட்டால் பிறப்பிலேயே பித்தக்கான் கோளாறு.

• நொச் சமிக்ஞைக்குரிய ஜக்கட்1 பரம்பரையலகில் விகாரம் ஏற்பட்டால் அலஜில் சகசம். உள்ஈரல் பித்தக்கான்கள் குறைவு, கூடவே இதயக் கோளாறு, முள்ளந்தண்டென்பில் வண்ணத்துப்பூச்சி வடிவம். காரணமான பரம்பரையலகு 1997இல் கண்டறியப்பட்டது.

• ஈரற்கலமாகும் பக்கத்தைப் பிடித்துவைப்பது எச்.என்.எஃப்.4 அல்பா என்ற புரதம்.

• முன்னோடிக் கலங்கள் அல்பா பீற்றோபுரதத்தைச் சுரக்கும். வளர்ந்தவரின் குருதியில் இது மிகச் சொற்பம். திரும்ப உயர்ந்தால் ஈரற் புற்றுநோயைச் சந்தேகிப்பார்கள்; கர்ப்பிணியிலும் உயரும், அது இயல்பு.

இந்த இடத்தில் ஒரு உண்மைக் கதை. பிறந்த சில வாரங்களில் பித்தக்கான்கள் அடைபட்டு அழிந்துபோகும் நோய் பித்தக்கான் துவாரமின்மை. ஒரே காரணம் இல்லை. கான் தகட்டின் விருத்திக் கோளாறோடு வருவது அதில் ஒரு வகை. காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு இந்த நோய். 1998 நவம்பரில் டில்லி அப்பலோ மருத்துவமனையில் அவருடைய தகப்பனாரின் ஈரலில் ஒரு துண்டை எடுத்து அவருக்கு வைத்தார்கள். இந்தியாவில் குழந்தையொன்றுக்கு வெற்றியாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுதான். அந்தக் குழந்தை பிற்காலத்தில் தானே மருத்துவரானார். வைத்த துண்டு குழந்தையோடு சேர்ந்து வளரும். தகப்பனில் மிஞ்சிய ஈரலும் பழைய பருமனை எட்டும். எப்படி என்பது கீழே.

வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தால் பாடத்துக்கு வெளியேயும் இதை வைத்திருங்கள்: 14 நாள் தாண்டியும் மஞ்சள் நிற்காமல், மலம் வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில் போனால் வெயிலில் காட்டிக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது. குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, மந்திகை ஆதார வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோகவேண்டும். ஜப்பானியர் மோரியோ கசாய் 1950களில் தொடக்கிவைத்த சத்திரசிகிச்சை 60 நாளுக்கு முன் செய்தால்தான் நல்ல பலன் தருகிறது.

வாடகைக்கு வந்த குருதி மூலக்கலங்கள்

அடை வைத்த முட்டையை மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இருட்டில் ரோச் லைற்றின் முன் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். நடுவில் ஒரு செம்புள்ளி. அதிலிருந்து சிலந்திக் கால் போலச் சிவப்புக் கோடுகள். அந்தக் கோடுகள் முளையத்தின் உடலுக்குள் இல்லை. மஞ்சட் கருவின் மேலே, கருவூண் பையில் ஓடுகின்றன. முதற்குருதி பிறக்குமிடம் அதுதான். மனிதனிலும் அப்படியே, 3ஆம் வாரத்தில்.

• ஒழுங்கு: கருவூண் பை, பிறகு ஈரல் (மண்ணீரல் சிறிதளவு), பிறகு என்பு மச்சை. ஈரல் 6ஆம் வாரமளவில் பொறுப்பேற்று, கர்ப்பத்தின் நடுப்பகுதி முழுவதும் முதன்மை இடமாக இருந்து, 7ஆம் மாதமளவில் என்பு மச்சைக்கு விட்டுக்கொடுக்கிறது.

• நிலைத்து நிற்கும் குருதி மூலக்கலங்கள் பிறப்பது ஈரலில் அல்ல. முளையத்தின் முதுகுப்புறப் பெருநாடியின் சுவரில் பிறந்து, குருதியோடு வந்து ஈரலில் குடியேறுகின்றன. பல்தேர்வில் கட்டாயம் மயக்கும் இடம்.

• முட்டையை உதாரணம் காட்டினேன் என்பதற்காகக் கோழியை முழுவதும் நம்பவேண்டாம். பறவைகளில் ஈரல் முதன்மைக் குருதியாக்க இடம் அல்ல. மேற்சொன்ன ஒழுங்கு முலையூட்டிகளுக்கு.

• ஈரலுக்குள் இந்தக் கலங்கள் பல மடங்கு பெருகுவதாகவே நூல்கள் எழுதுகின்றன. 2022இல் சுண்டெலியில் வெளிவந்த ஆய்வுகள் நீண்டகால மூலக்கலங்கள் அங்கே அவ்வளவு பெருகுவதில்லை என்கின்றன. பெருகுவது அவற்றின் வழித்தோன்றல்களாம். சோதனைக்கு நூலில் உள்ளதை எழுதுங்கள், ஆனால் விவாதம் முடியவில்லை என்று தெரிந்திருங்கள்.

• வாடகை என்று நான் சொன்னது சும்மா அல்ல. ஈரலில் இருக்கும் குருதிக் கலங்கள் ஒங்கோஸ்ரற்றின் எம் என்ற சமிக்ஞையை விடுகின்றன. அது ஈரலின் முன்னோடிக் கலங்களை முதிர்ந்த ஈரற்கலங்களாக்க உதவுகிறது. ஈரற்கலம் முதிர முதிரக் குருதியாக்கத்துக்கு இடம்கொடுக்கும் தன்மை குறைகிறது. அப்படியே அவர்கள் எழும்பி என்பு மச்சைக்குப் போகவேண்டியதாகிறது. இரண்டு வகைக் கலங்களின் கதையையும் ஒரே விடையில் கோக்க இதைவிட நல்ல முடிச்சு கிடையாது.

• முளைய ஈரலின் செங்குழியங்களில் இருப்பது முதிர்மூலவுருவின் ஈமோகுளோபின்: இரண்டு அல்பா, இரண்டு காமாச் சங்கிலிகள். ஒட்சிசன் நாட்டம் தாயின் ஈமோகுளோபினைவிடக் கூட. பிறந்து ஆறு மாதமளவில் பெரும்பாலும் பீற்றாச் சங்கிலிக்கு மாறிவிடும். பீற்றாத் தலசீமியா உள்ள குழந்தை பிறந்தவுடன் சுகமாகத் தெரிந்து, சில மாதம் கழித்து வெளிறத் தொடங்குவது இதனால்தான். 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை, நோயாளியின் குருதி மூலக்கலங்களில் பரம்பரையலகு ஒன்றைத் திருத்தி, அந்தப் பழைய காமாச் சங்கிலியைத் திரும்ப ஆக்கவைக்கிறது.

வளர்ந்த ஈரல்: மூலக்கலம் தேவைப்படுகிறதா?

• 1931இல் ஹிகின்ஸ், அண்டர்சன் இருவரும் எலியின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினார்கள். ஏழு முதல் பத்து நாளில் பழைய நிறை வந்துவிடுகிறது. இன்றுவரை இதுவே மாதிரிப் பரிசோதனை.

• வெட்டிய சோணை திரும்ப முளைக்காது. மிஞ்சிய சோணைகள் பருக்கின்றன. நிறை திரும்பும், வடிவம் திரும்பாது. பல்லியின் வாலோடு ஒப்பிட்டு எழுதுபவர்கள் இதைக் கவனிக்க.

• பிரிவது சாதாரண ஈரற்கலங்களே. மூலக்கலக் கூட்டம் ஒன்று எழும்பி வந்து கட்டுவதில்லை. ஈரற்கலங்கள் கடுமையாகச் சேதமாகிப் பிரியமுடியாமற் போனால் மட்டும் பித்தக்கான் பக்கத்துக் கலங்கள் ஈரற்கலமாக மாறி உதவுகின்றன. சுண்டெலியில் இது 2017இல் நன்றாகக் காட்டப்பட்டது.

• 2022இல் காபன்-14 முறையால் அளந்தபோது, எந்த வயதினரிலும் ஈரற்கலங்களின் சராசரி வயது மூன்று வருடத்துக்குக் கீழ்.

ஆய்வுகூடத்தில் ஈரல்

ஜப்பானிய ஆய்வாளர் யமனக்கா 2006இல் சுண்டெலியிலும் 2007இல் மனிதனிலும் வளர்ந்த கலத்தைப் பல்வல்லமை நிலைக்குத் திருப்பினார். 2012இல் ஜோன் கேர்டனோடு நொபெல் பரிசு. அப்படிப் பெற்ற கலத்திலிருந்து ஈரற்கலம் எடுக்கும் வழியைப் பாருங்கள். முதலில் அக்ரிவின் ஏ என்ற காரணியைக் கொடுத்து அகமுதலுருப்படை, அடுத்து எஃப்.ஜி.எஃப்., பி.எம்.பி.; அடுத்து ஈரற்கல வளர்ச்சிக் காரணி; கடைசியில் ஒங்கோஸ்ரற்றின் எம். மேலே இதயம், குறுக்குப் பிரிசுவர், குருதிக் கலம் என்று படித்த அதே ஒழுங்கு, இம்முறை போத்தலிலிருந்து. மூன்று வாரமளவில் கலங்கள் கிடைக்கின்றன. ஆனால் அவை இன்னும் முளைய ஈரற்கலத்தின் குணத்தோடே நிற்கின்றன: அல்பா பீற்றோபுரதம் விடும், மருந்துகளை உடைக்கும் நொதியங்கள் குறைவு. அகவணிக் கலத்தையும் இடைமுதலுருப்படைக் கலத்தையும் சேர்த்து வளர்த்த ஜப்பானின் தகேபே குழு 2013இல் சிறிய ஈரல் அரும்புகளையே உருவாக்கிச் சுண்டெலிக்குள் வைத்தது. அயலவர் இல்லாமல் ஈரல் இல்லை என்பதற்கு அது இன்னொரு சான்று.

தென்னிந்தியாவில் ஐதராபாத்தின் ஹபிபுல்லா குழு, சடுதியான ஈரற் செயலிழப்புக்கு ஆளான ஏழு பேருக்கு மனித முதிர்மூலவுருவின் ஈரற்கலங்களைக் கொடுத்துப் பார்த்து 1994இல் வெளியிட்டது. பிறகு ஈரல் இறுகல் நோயாளிகளுக்கும் முன்னோடிக் கலங்களைக் கொடுத்தார்கள். பெரிய ஒப்பீட்டுப் பரிசோதனைகளால் நிறுவப்பட்ட சிகிச்சையாக அது வளரவில்லை. இந்திய மருத்துவ ஆய்வுக் கழகத்தின் 2017 வழிகாட்டல்படி, அங்கீகரிக்கப்பட்ட குருதி நோய்களுக்குக் குருதி மூலக்கலம் மாற்றுவதைத் தவிர மற்ற மூலக்கலச் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சி மட்டுமே. காசு வாங்கிச் செய்யக்கூடாது. சென்னைக்கு ஈரல் வைத்தியத்துக்குப் போகும் சொந்தக்காரர் விளம்பரத்தைக் காட்டிக் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

எழுதிப் பார்க்க

1. இதய முன்னோடி இழையம் நீக்கப்பட்ட முளையத்தில் முன்குடலின் வயிற்றுப்புறக் கலங்களுக்கு என்ன நடக்கும்? காரணம் தருக.

2. 'முளைய ஈரல் குருதி மூலக்கலங்களை உருவாக்குகிறது.' இக்கூற்றில் உள்ள பிழையைத் திருத்துக.

3. ஈரலில் ஒரு துண்டைத் தானம் கொடுத்தவருக்கு ஒரு வருடத்தின் பின் எடுக்கும் ஸ்கானில் ஈரலின் பருமன், வடிவம் பற்றி எதை எதிர்பார்ப்பீர்கள்?